கனிஷ்காவுக்கு ஒரு மடி

"உங்களுக்குக் காது குத்தும்போது யாருங்க மடியில உக்கார வெச்சாங்க?"

அன்புக்கரசி இந்தக் கேள்வியைக் கேட்காத வீடு அவள் சொந்தத்தில் இல்லை. அன்னூரில் கேட்டாள், அவிநாசியில் கேட்டாள், சத்தியமங்கலத்தில் ஒரு கல்யாணப் பந்தியில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவர்களை வரிசையாகக் கேட்டுக்கொண்டே போனாள். பாட்டன் பேரைக் கேட்டால் முழிக்கிறவர்களும், பிறந்த வருஷத்தைக் கேட்டால் ஆதார் அட்டையைத் தேடுகிறவர்களும் இதற்கு மட்டும் யோசிக்காமல் பதில் சொன்னார்கள்.

"எங்க பெரிய மாமன் மடிங்க. நான் அழுத அழுகையில அவரு வேட்டியை நனைச்சுப்போட்டேன்."

இந்தக் கேள்வி அவள் வேலையில் கற்றுக்கொண்டது. புருஷன் மில் வேலையில் இருந்தபோதே போய்ச் சேர்ந்துவிட்டான். அதன் பிறகு நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பயிற்சி ஒன்றை முடித்து, கோவையில் வீடு வீடாகப் போய்ப் படுத்த படுக்கையாக இருப்பவர்களைக் கவனித்து வருகிறாள். குளிப்பாட்டுவது, திருப்பிப் படுக்க வைப்பது, முதுகில் புண் வராமல் பார்ப்பது. காலையில் இட்லி தின்றதை மறந்துபோன கிழவர்கள்கூட, தலைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே காதுகுத்தைப் பற்றிக் கேட்டால் விழித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறாள். யார் மடி, என்ன சட்டை, அழுகையை நிறுத்த என்ன தின்னக் கொடுத்தார்கள், எல்லாம் வரும். மடி தெரிந்தால் மாமன் தெரியும். மாமன் தெரிந்தால் அம்மா பிறந்த ஊர் தெரியும். அந்த ஊருக்குப் பஸ் ஏறி அடுத்த ஆளைக் கேட்கலாம்.

கிடைத்ததையெல்லாம் ஒரு பழைய வெள்ளைப் பெட்ஷீட்டில் மார்க்கரால் எழுதினாள். காகிதம் கிழியும், பெட்ஷீட் கிழியாது. அப்பன் பிள்ளைக்குக் கறுப்புக் கோடு. மடிக்குச் சிவப்புக் கோடு. தம்பி வெள்ளியங்கிரி அதைப் பார்த்துவிட்டு, "என்னக்கா இது, கரண்ட் போர்டைக் கழட்டிப் போட்ட மாதிரி இருக்குது" என்றான். அவன் அன்னூரில் விசேஷங்களுக்குச் சமையல் செய்கிறவன். வாய்க்கும் கரண்டிக்கும் ஓய்வில்லை.

அன்புக்கரசி பொழுதுபோகாமல் இதில் இறங்கவில்லை. அவளுக்கு எழில் ஒரே மகள். எழிலுக்குக் கூடப் பிறந்தவர்கள் இல்லை. எழிலின் மகள் கனிஷ்காவுக்கு ஒரு வயது முடிந்து, காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் வைத்துத்தான் குத்த வேண்டும். வெள்ளியங்கிரிக்கு இரண்டு மகன்கள் உண்டு. ஆனால் அவர்கள் எழிலைக் கட்டிக்கொள்கிற முறை, அண்ணன் தம்பி முறை ஆகாது. புருஷன் வழியில் எல்லாரும் பெண்கள், அவர்கள் பையன்களும் அதே கட்டிக்கொள்கிற முறை. ஆக, குழந்தைக்கு மடி இல்லை.

எழிலின் மாமியார் பூவாத்தாள் அவிநாசிக்காரி. கெட்டவள் இல்லை, ஆனால் முறை என்றால் முறை. தொட்டில் விசேஷத்திலேயே சொல்லிவிட்டாள்.

"தூரத்து மாமனா இருந்தாலும் பரவால்லீங்க சம்பந்தி. ஆனா முறையான மாமனா இருக்கோணும். பக்கத்து ஊட்டுப் பையனைக் கூட்டியாந்து உக்கார வெக்கறது எனக்கு ஆகாது. நாளைக்கு மாமனில்லாத புள்ளைன்னு ஒரு பேச்சு வந்துதுன்னா யாருக்குக் கேவலம்?"

அன்று எழில் சமையலறையில் நின்று மூக்கைச் சிந்தினாள். "எனக்கு ஒரு அண்ணன் இருந்தா இப்படிக் கேப்பாங்களா?" என்றாள். அழுதால் அண்ணன் வரமாட்டான் என்று அன்புக்கரசிக்குத் தெரியும். தேடினால் வருவான் என்று தோன்றியது. அடுத்த விடுமுறை நாளிலேயே பஸ் ஏறிவிட்டாள்.

பெட்ஷீட் நிரம்ப நிரம்ப ஒரு பெயர் மட்டும் தனியாக நின்றது. பங்காரம்மா. அன்புக்கரசியின் அம்மாவுடைய தங்கை. அவளைத் தவிர எல்லாருக்கும் சிவப்புக் கோடு இருந்தது. அவள் யார் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டாள் என்று சொல்ல ஆளில்லை. அவளே எங்கே போனாள் என்பதும் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி மலைமேல் எஸ்டேட்டுக்குப் போனாள், அங்கே கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிவிட்டாள், அதன் பிறகு சாமி கும்பிடுக்கு வரவில்லை, வராதவளுக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை. சண்டை என்று ஒன்றும் கிடையாது. விட்டுப் போயிற்று, அவ்வளவுதான்.

சின்னம்மாவுக்கு ஒரு மகள் இருந்தால் அவள் தனக்குத் தங்கை. அந்தத் தங்கைக்கு ஒரு மகன் இருந்தால் அவன் எழிலுக்கு அண்ணனோ தம்பியோ. முறையான மாமன். பூவாத்தாளே குறை சொல்ல முடியாத மாமன். இதைக் கணக்குப் போட்டுப் பார்த்த நிமிஷம் அன்புக்கரசி மார்க்கர் மூடியைப் போட மறந்துவிட்டாள். பெட்ஷீட்டின் ஒரு மூலை கறுத்தது.

கடைசியில் அவர்கள் மேட்டுப்பாளையத்தில் கிடைத்தார்கள். மூன்று ஜெபவீடுகளில் விசாரித்து, நான்காவதாக ஒரு பாக்கு மண்டியில் கேட்டபோது, மூட்டை தைத்துக்கொண்டிருந்த ஒரு வாலிபன் நிமிர்ந்தான்.

"பங்காரம்மான்னு எங்க அம்மாயிக்குப் பழைய பேருங்க. இப்ப ரூத்தம்மா. நீங்க யாருங்க?"

அவன் பெயர் எபினேசர். சின்னம்மாவின் மகள் மெர்சிக்கு ஒரே பையன். அன்புக்கரசி முறையை விளக்கிச் சொல்ல, அவன் கையிலிருந்த கோணி ஊசியைக் கீழே வைத்துவிட்டான்.

"அப்ப எனக்கு ஒரு தங்கச்சி இருக்குதுங்களா பெரியம்மா?"

"இருக்குது சாமி. எழில்னு பேரு. அவளுக்கு ஒரு பொண்ணும் இருக்குது."

"போன் போடுங்க."

அங்கேயே மண்டிக்குள் நின்று வீடியோவில் பேசினான். "ஏனுங்க தங்கச்சி, நானு உங்க அண்ணனுங்க" என்று ஆரம்பித்து, அடுத்து என்ன பேசுவது என்று தெரியாமல் பாக்குக் குவியலைக் காட்டினான். எழில் சிரித்தாள், பிறகு அழுதாள். குழந்தை திரையை நக்கியது.

அன்புக்கரசி மடி விஷயத்தை அன்றைக்கு எடுக்கவில்லை. சின்னம்மாவைப் பார்த்துவிட்டுத்தான் வந்தாள். வெள்ளைச் சேலை, வெறும் கழுத்து, வெறும் காது. அவர்கள் சபையில் நகை ஆகாது. காதில் குத்திய ஓட்டை தூர்ந்து சின்னக் குழியாக இருந்தது. அந்தக் காதைப் பார்த்த பிறகு, காதுகுத்துக்கு உங்கள் பேரனைக் கொடுங்கள் என்று முதல் நாளே கேட்க வாய் வரவில்லை. "எல்லாரும் ஒரு நாள் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாமுங்களா சின்னம்மா?" என்று மட்டும் கேட்டாள். "பாக்கலாம் கண்ணு" என்றாள் கிழவி. அது போதும். திரும்பும்போது பஸ்ஸில் சீட்டு காலியாக இருந்தும் அன்புக்கரசி காந்திபுரம் வரை நின்றுகொண்டே வந்தாள். உட்கார முடியவில்லை.

இடம் கொடிவேரி அணை என்று அவளே முடிவு செய்தாள். கோயில் என்றால் மேட்டுப்பாளையம் வராது. ஜெபவீடு என்றால் அவிநாசி வராது. கொடிவேரியில் தண்ணீர் விழும், மீன் வறுப்பார்கள், யாருக்கும் மறுப்பு இல்லை. வாட்ஸப்பில் சொந்தக்காரர்களுக்கு "ஒறம்பரை" என்று ஒரு குரூப் தொடங்கி, நோயாளி வீடுகளில் பேசுகிற மாதிரியே பேசி அனுப்பினாள்.

"எல்லாரும் கேட்டுக்கோங்க. கெழடுகளைக் குளிரத் தண்ணியில உடக் கூடாது. பாறை வழுக்கும், குழந்தைங்களைத் தனியா உட்டுப்போட்டுப் பேசிக்கிட்டு நிக்கக் கூடாது. பிபி, சுகர் மாத்திரை போடறவங்க கையோட எடுத்துக்கிட்டு வரோணும். யாரு பாட்டில் கொண்டாந்தாலும் ஆத்துல கொட்டிப்போடுவேன்."

வெள்ளியங்கிரி அதற்குக் கீழே கைகூப்பும் படம் போட்டான். பிரியாணி அவன் பொறுப்பு. அவனுக்குத் தனியாகவும் சொன்னாள்: "கறியைக் கடையில வாங்கு. நம்ம வழக்கமெல்லாம் வேண்டாம். மேட்டுப்பாளையத்துக்காரங்க வாராங்க, தெரியுமல்ல?"

"தெரியும், தெரியும். எனக்குச் சமையல் சொல்லித் தர்றியாக்கா?"

கோபியில் ஒரு பத்தரைப் பிடித்து, சாயங்காலம் நான்கு மணிக்குக் காது குத்தும் ஊசியோடு கொடிவேரிக்கு வந்துவிடச் சொன்னாள். இது அவளுக்கும் எழிலுக்கும் மட்டும் தெரியும். பூவாத்தாளிடம், மாமன் கிடைத்துவிட்டான் என்றாள், மேட்டுப்பாளையத்துக்காரன் என்றாள். மீதியைச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் நினைத்ததற்கும் மேலே நடந்தது. வேன்களிலும் டெம்போவிலும் டூவீலர்களிலும் ஆட்கள் வந்து இறங்கினார்கள். மரநிழலில் இரண்டு கிளைகளுக்கு நடுவே பெட்ஷீட்டைக் கட்டித் தொங்கவிட்டதுதான் தாமதம், கூட்டம் அதன் முன்னால் மொய்த்தது. ஆளாளுக்குத் தங்கள் பெயரைத் தேடினார்கள். கோட்டைப் பிடித்துக்கொண்டு விரலாலேயே நடந்து, முடிகிற இடத்தில் இருந்த பெயரைச் சத்தமாகப் படித்து, அந்த ஆள் கூட்டத்தில் எங்கே நிற்கிறான் என்று திரும்பிப் பார்த்தார்கள்.

"அட, நீயா? பத்து வருசமா ஒரே கம்பெனி பஸ்ஸுல போறோம், நீ எனக்குச் சித்தப்பனாடா?"

"இனிமே மரியாதையாக் கூப்புடு."

"கூப்புட்டுப் போடுவேன் பாரு."

ஒரு பெண் தன் பெயரைக் காணோம் என்று சண்டைக்கே வந்துவிட்டாள். அன்புக்கரசி மார்க்கரை எடுத்து, அவள் சொல்லச் சொல்ல அங்கேயே எழுதினாள். மடி யார் என்று கேட்டாள். சிவப்புக் கோடு போட்டாள். அதைப் பார்த்து இன்னும் நாலு பேர் வரிசையில் நின்றார்கள். அவளுக்கு வேர்த்துக் கொட்டியது, கண்ணாடி மூக்கில் வழுக்கியது, ஆனால் வாய் மட்டும் சிரித்துக்கொண்டே இருந்தது.

மேட்டுப்பாளையத்து வேன் வந்தபோது எபினேசர்தான் முதலில் குதித்தான். தோளில் ஒரு பாக்குக் குலை, கையில் ஒரு பை நிறைய உரித்த பாக்கு. "சும்மா வரக் கூடாதுன்னு மண்டியில எடுத்தாந்தனுங்க பெரியம்மா" என்றான். எழில் குழந்தையை அவன் கையில் கொடுத்தாள். அவன் அதை முட்டைக் கூடையைப் பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு நின்றான். குழந்தை அவன் சட்டைப்பை பேனாவைப் பிடுங்கியது.

பூவாத்தாள் அவனை மேலும் கீழும் பார்த்தாள். வேனிலிருந்து இறங்கிய பெண்களின் வெறும் நெற்றியையும் வெறும் காதையும் பார்த்தாள். அன்புக்கரசியின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"ஏனுங்க சம்பந்தி, அல்லேலூயாக்காரங்களா?"

"ஆமாங்க. முறையான மாமன் கேட்டீங்க. முறையில ஏதாச்சும் குத்தமிருந்தாச் சொல்லுங்க."

பூவாத்தாள் பெட்ஷீட்டிடம் போய்க் கோட்டை இரண்டு தடவை பிடித்துப் பார்த்தாள். குற்றம் கிடைக்கவில்லை. அப்புறம் பாக்குக் குலையைப் பார்த்தாள். "மாமன் சீருன்னா பாக்கில்லாம ஆகாதுதான். அதைக் கேக்காமயே கொண்டாந்திருக்கறான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். எபினேசருக்கு அப்படி ஒரு வழக்கம் இருப்பதே தெரியாது.

பந்தி போட்டார்கள். ஜமுக்காளத்தில் இரண்டு பக்கமும் இலை விரித்து, அவிநாசியும் அன்னூரும் மேட்டுப்பாளையமும் கலந்து உட்காரும்படி அன்புக்கரசியே கையைப் பிடித்து உட்கார வைத்தாள். வெள்ளியங்கிரி அண்டா மூடியைத் திறந்தான். வாசம் அணைக்கட்டு வரை போயிருக்கும்.

"நெம்ப நல்லாருக்குது மாமா, எந்தக் கடைக் கறிங்க?" என்று யாரோ கேட்டார்கள்.

அங்கேதான் அவன் கெடுத்தான். கடை என்ற சொல் அவனுக்குப் பொறுக்கவில்லை.

"கடைக் கறியா? நானே வளத்த கிடா. காலையில கருப்பராயனுக்கு முன்னால நிறுத்தி மஞ்சத்தண்ணி தெளிச்சேன் பாரு, ஒரே தடவைதான், ஒடம்பைச் சிலுப்பிக்கிட்டுத் தலையாட்டிப்போட்டுது! அப்படி உத்தரவு குடுத்த கிடா இது!"

சொல்லி முடித்த பிறகுதான் பந்தியில் பேச்சு நின்றதை அவன் கவனித்தான். கரண்டி அந்தரத்தில் நின்றது. சின்னம்மா இலையை மெதுவாகத் தள்ளி வைத்தாள்.

"படைச்சது எங்களுக்கு ஆகாது கண்ணு" என்றாள். குரலில் கோபம் இல்லை. எழுந்தாள். மெர்சி எழுந்தாள். ஒருவர் பின் ஒருவராக மேட்டுப்பாளையம் முழுக்க எழுந்து வேனைப் பார்த்து நடந்தது. எபினேசர் கடைசியாக எழுந்தான். குழந்தையை எழிலிடம் திருப்பிக் கொடுக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த நேரம் பார்த்து, நான்கு மணிக்கு வரச் சொன்ன பத்தர் முன்னதாகவே வந்து சேர்ந்தார். சின்னப் பெட்டியோடு ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, "குழந்தை எங்கம்மா?" என்றார்.

வெள்ளியங்கிரி தலையில் கை வைத்துக்கொண்டான். "பழக்க தோசத்துல செஞ்சுபோட்டனக்கா. கிடான்னு ஒண்ணு முன்னால நின்னா கை தானா சொம்புக்குப் போயிருது."

"கையை அப்பறம் பாத்துக்கலாம். இப்பக் காலை எடுத்து வை. அந்தக் கடையில இருக்கற மீன் வறுவல் அத்தனையும் வாங்கிட்டு வா. என்ற தயிர்சோத்துப் போசியை எறக்கு. எல்லா இலையிலயும் அதான் மொதல்ல. பிரியாணியை மூடு."

"கெழடுகளுக்குன்னு கொண்டாந்த சோறு, எல்லாருக்கும் எப்படிக்கா பத்தும்?"

"ஆளுக்கு ஒரு கை வரும். ஒரு கை போதும்."

தயிர்சாதத்தை ஒரு தட்டில் போட்டு எடுத்துக்கொண்டு அவளே வேனுக்குப் போனாள். சின்னம்மா முன் சீட்டில் கால்களைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். அன்புக்கரசி முதலில் பார்த்தது அந்தக் கால்களைத்தான். கணுக்கால் வீங்கி, விரலால் அமுக்கினால் குழி விழுந்தது. ஒரு தண்ணீர்க் கேனைக் கவிழ்த்துப் போட்டு, காலைத் தூக்கி அதன்மேல் வைத்தாள்.

"சுகர் மாத்திரை போட்டீங்களா?"

"காலையில போட்டேன்."

"போட்டுட்டு இந்நேரம் வரைக்கும் வெறும் வயிறுங்களா? இது வெறும் தயிர்சோறு. நானே என் ஊட்டு அடுப்புல ஆக்குனது. எந்தச் சாமிக்கும் காட்டல, எனக்கு நேரமும் இல்ல. சாப்பிடுங்க."

சின்னம்மா தட்டை வாங்கவில்லை. மரத்தடியைப் பார்த்தாள்.

"அங்க பெட்டி வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறது யாரு?"

அன்புக்கரசி பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். "பத்தருங்க."

"எல்லாரும் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்னு சொன்னே. எம்பட பேரன் மடி வேணும்னுதான் எங்களைத் தேடுனயா?"

"ஆமாங்க சின்னம்மா. மடிக்குத்தான் தேட ஆரம்பிச்சேன். அந்த மாமியார்க்காரி கேட்டுது, என்ற மக அழுதுது, நான் கெளம்பிட்டேன். தேடிக்கிட்டு இருக்கும்போது நீங்க கெடைச்சீங்க. இப்ப மடி இல்லாட்டிப் போகுது. எபியை நான் கேக்க மாட்டேன், நீங்களும் உங்க வழக்கத்தை உட வேண்டாம். பத்தரை இப்பவே அனுப்பிப்போடறேன். ஆனா சாப்பிடாம வண்டி ஏற உட மாட்டேன். போற வழியில மயக்கம் போட்டு உழுந்தீங்கன்னா யாரு பாக்கறது?"

எபினேசரும் மெர்சியும் வேனுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சின்னம்மா கேன்மேல் இருந்த தன் காலைப் பார்த்தாள். பிறகு தட்டை வாங்கி ஒரு வாய் வைத்தாள். "உப்புக் கம்மி" என்றாள்.

"பிபிக்காரங்களுக்குப் பண்ணுனது. அப்படித்தான் இருக்கும்."

அவள் இரண்டாவது வாய் வைத்ததைப் பார்த்த பிறகுதான் அன்புக்கரசிக்கு மூச்சு சீராக வந்தது. மடி போயிற்று. போகட்டும். ஆனால் இத்தனை நாள் தேடிய ஒன்று பாக்கி இருந்தது, அதைக் கேட்காமல் அவளால் நகர முடியாது.

"ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கறேன். அந்தத் துணியில எல்லாருக்கும் சிவப்புக் கோடு இருக்குது, உங்க பேருக்கு மட்டும் இல்லீங்க. உங்களுக்கு யாரு மடி?"

சின்னம்மாவின் இடது கை தானாகக் காதுக்குப் போனது. தூர்ந்துபோன குழியைத் தடவியது.

"அதையெல்லாம் நாங்க பேசறதில்ல."

"பேச வேண்டாம். பேரை மட்டும் சொல்லுங்க, கோடு போட்டுட்டுப் போயிடறேன்."

"மாமனை வரச் சொல்லிச் சொல்லி அனுப்பியிருந்தாங்களாம். அவரு பண்ணையத்துல இருந்தாரு. பண்ணையக்காரரு அறுப்பை உட்டுப்போட்டு எங்கடா போறேன்னு உடல. பத்தரு உச்சி வேளை வரைக்கும் உக்காந்திருந்துட்டு, போறேன்னு பொட்டியை மூடிட்டாராம். அப்ப உங்கம்மா, அதுக்குப் பன்னெண்டு வயசு இருக்குமா, பாவாடையை ஒதுக்கிக்கிட்டுச் சம்மணம் போட்டு உக்காந்து, என்ற தங்கச்சியை என்ற மடியில வெய்யுங்கன்னு சொல்லுச்சாம். பொட்டப்புள்ள மாமனாகுமான்னு எல்லாரும் சிரிச்சாங்களாம். உங்கம்மா அசையலியாமா. பத்தரு குத்திட்டாரு."

 அன்புக்கரசி அத்தனை வீட்டில் அத்தனை பேரிடம் கேட்ட கேள்விக்கு, மீதியிருந்த ஒரே பதில் அவள் அம்மாவாக இருந்தது. அம்மா இதை ஒரு நாளும் சொன்னதில்லை. சத்தம் போட்டுச் சிரிக்க வேண்டும் போல இருந்தது, சிரித்தும் விட்டாள்.

"எங்கம்மாளா? பாவாடை கட்டுன மாமனா!"

சின்னம்மாவும் சிரித்துவிட்டாள். "ஆமா. அதோட மடியில நானு கொதிச்சுக் கத்துனனாமா. ஒரு கையில என்னையப் புடிச்சுக்கிட்டு, ஒரு கையில பத்தரை அடிச்சுதாமா."

அன்புக்கரசி ஓடினாள். அறுபது தாண்டியவள் ஓடுகிற ஓட்டமா அது என்று வெள்ளியங்கிரி பிறகு கேலி செய்தான். பெட்ஷீட்டின் முன்னால் நின்றவர்களை விலக்கிக்கொண்டு, தன் அம்மா பெயரிலிருந்து பங்காரம்மா பெயருக்குச் சிவப்புக் கோடு இழுத்தாள். துணி முழுக்க மாமன்களிடமிருந்து வந்த கோடுகள். ஒரு பெண்ணிடமிருந்து போன கோடு அது ஒன்றுதான். சுற்றி நின்றவர்களுக்கு அவள் மூச்சு வாங்க வாங்கக் கதையைச் சொன்னாள். பூவாத்தாளும் கேட்டாள்.

"அப்படியும் குத்தியிருக்காங்களா?" என்றாள் பூவாத்தாள்.

"குத்தியிருக்காங்க. அந்தக் காது சீழ் பிடிக்கலீங்க, நான் பாத்தேன்."

சரி, பத்தரை அனுப்பிவிடலாம் என்று அன்புக்கரசி திரும்பியபோது, வேன் பக்கமிருந்து சின்னம்மா மெர்சியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். பின்னால் எபினேசர். மற்றவர்களும் தயங்கித் தயங்கி வந்து ஜமுக்காளத்தில் பழைய இடத்தில் உட்கார்ந்தார்கள். இலைகளில் தயிர்சாதமும் மீன் வறுவலும் இருந்தன. சின்னம்மா உட்காரவில்லை. பேரனைத் திரும்பிப் பார்த்தாள்.

"ரா, கூச்சோ" என்றாள்.

வீட்டில் பேசுகிற தெலுங்கு. மேட்டுப்பாளையத்திலும் அன்னூரிலும் இளசுகள் அதை விட்டுப் பல காலமாகிறது. ஆனாலும் வா, உட்கார் என்பது அங்கிருந்த எல்லாருக்கும் புரிந்தது. எபினேசர் மரத்தடியில் பத்தருக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான்.

"நாங்க காது குத்தறதில்ல" என்று சின்னம்மா எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள். "சூடம், தேங்காய் எதுவும் அவன் பக்கத்துல வரக் கூடாது. நான் அந்தப் பக்கம் பாக்கவும் மாட்டேன். ஆனா எங்கக்கா மடி குடுத்துச்சு. அதுக்கு நாங்க கடன் வெக்க மாட்டோம்."

பிறகு முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டாள்.

எழில் குழந்தையை அண்ணன் மடியில் வைத்தாள். பூவாத்தாள் எபினேசர் கொண்டுவந்த பாக்கில் ஒரு கை அள்ளி, எழில் எடுத்து வந்திருந்த வெற்றிலைத் தட்டில் வைத்தாள். சூடத்தை எடுக்கப் போய், சின்னம்மாவின் முதுகைப் பார்த்து, வைத்துவிட்டாள்.

"எப்படிப் புடிக்கறதுங்க பெரியம்மா?" என்றான் எபினேசர். முகமெல்லாம் வேர்வை.

"நெத்தியை உன் நெஞ்சோட சேத்து அணை. இந்தக் கை தலைக்குப் பின்னால. அந்தக் கை ரெண்டு கையையும் சேத்துப் புடி. கண்ணை மூடாதே, குழந்தைதான் மூடோணும்."

பத்தர் ஊசியைச் சுடுகிற நேரத்தில் வெள்ளியங்கிரி கடலை மிட்டாயோடு தயாராக நின்றான். ஒரு குத்து. கனிஷ்கா மூச்சை இழுத்துப் பிடித்தாள். எல்லாரும் மூச்சைப் பிடித்தார்கள். அப்புறம் அவள் கத்திய கத்தலில் தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்த அடுத்த கூட்டம் திரும்பிப் பார்த்தது. இரண்டாவது குத்துக்கு அவள் ஒரு கையை உருவிக்கொண்டு பத்தரின் மூக்கைப் பிடித்து இழுத்தாள். கூட்டம் சிரித்தது. எபினேசர் அழுதுவிட்டான், ஆனால் மடியை அசைக்கவில்லை.

"மாமன் அழுகறான், மருமக சண்டைக்குப் போறா" என்றாள் பூவாத்தாள். அவிநாசிக்குப் போய் முதலில் இதைத்தான் சொல்லப் போகிறாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது.

அன்புக்கரசி குழந்தையின் காதைத் துடைத்தாள். தேங்காய் எண்ணெயை எப்படித் தடவ வேண்டும், எத்தனை நாள் தண்ணீர் படாமல் பார்க்க வேண்டும் என்று எழிலிடம் சொன்னாள். எழிலின் காதில் எதுவும் ஏறவில்லை. அவள் அண்ணனின் சட்டையில் ஒட்டியிருந்த கடலை மிட்டாயைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தாள்.

சின்னம்மா இன்னும் திரும்பவில்லை. அணைத் தண்ணீரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"ரெண்டு காதும் நேரா வந்துதா?"

அன்புக்கரசி குனிந்து, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் பார்த்தாள்.

"எடது காது ஒரு நூலு மேல போயிருச்சுங்க சின்னம்மா."

"எனக்கும் அப்படித்தான்" என்றாள் சின்னம்மா. "எங்கக்கா அசைஞ்சிருக்கும்."